ரேவால் குதிரைக்கும் ஒரு பந்தயம் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி மாசம் வந்தால் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையைப் பற்றி எல்லாப் பத்திரிகையிலும் வருகிறது, எந்தக் குதிரைக்கு எத்தனை லட்சம் விலை சொன்னார்கள், எது மேளத்துக்கு ஆடியது என்று. வாங்கிப்போன குதிரை அப்புறம் என்ன ஆகிறது என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே மார்வாரி என்னும் ராஜஸ்தான் இனத்துப் பெட்டைக் குதிரை ஒன்று வாங்கினேன். காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வந்த மறுநாள், வாய்க்கால் கரையில் ஏறி வேகம் கொடுத்ததும் தூக்கிப் போடப்போகிறது என்று தொடையை இறுக்கிக்கொண்டேன். போடவே இல்லை. நான்கு குளம்பும் தனித்தனியாக, டக டக டக டக என்று ஒரே சீராக விழுகிறது, முதுகு அசையவில்லை, என் சட்டைப்பையில் இருந்த செல்போன் இருந்த இடத்திலேயே இருந்தது. இதுதான் ரேவால் நடை. டிராட் என்னும் துள்ளு ஓட்டத்தில் ஒரு முன்னங்காலும் எதிர்ப்பக்கத்துப் பின்னங்காலும் சேர்ந்து விழும், இடையில் நான்கு காலும் தரையை விட்டு எழும்பும், இடுப்பு நோவது அதனால்தான்.

விவரம் தெரியாமல் அவளை வண்டிப் பந்தயத்துக்குப் பழக்க விட்டேன். டிராட் வந்தே ஆகவேண்டும் என்று கடிவாளத்தை இழுத்து இழுத்து ஆறு மாசத்தில் வாயோரம் இரண்டு பக்கமும் புண். பந்தயத்தன்று பாதித் தூரத்தில் தன் நடைக்கே திரும்பிவிட்டாள், கடைசியாகத்தான் வந்தோம். அது அவள் குற்றமே இல்லை. ஐஸ்லாந்து குதிரைகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்களே, டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் உள்ள மாற்றம்தான் அவற்றுக்கு இந்த மாதிரி நடையைத் தருகிறதென்று. ரத்தத்தில் இருக்கும் நடையை அடித்து மாற்ற முடியுமா? காங்கேயம் காளையில் எது ஏருக்கு, எது ரேக்ளாவுக்கு என்று கன்றிலேயே பார்த்துச் சொல்கிற ஊர் நம்முடையது, குதிரையில் மட்டும் ஏன் பார்க்க மாட்டேன் என்கிறோம்?

சரி, வேறு எதில் விடலாம் என்று கேட்டுப் பார்த்தேன். குதிரையின் நடைக்கும் பழக்கத்துக்கும் மார்க் போடுகிற டிரஸ்ஸாஜ் போட்டியில் நடுவர் சுத்தமான டிராட்டைக் கேட்பார், அது இவளுக்கு ஆகாது. பொருந்துவது எண்டூரன்ஸ் என்னும் நெடுந்தூர ஓட்டம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கால்நடை மருத்துவர் நாடி பார்ப்பார், சர்வதேசப் போட்டியில் நிமிஷத்துக்கு 64க்குள் இறங்கினால்தான் மேலே விடுவார்கள், கால் நொண்டினாலும் நிறுத்திவிடுவார்கள். ஏறியவரும் களைக்காமல் குதிரையும் களைக்காமல் போகிற நடைக்கு இதைவிட ஏற்ற போட்டி எனக்குத் தெரியவில்லை. இப்போது 40 கிலோமீட்டருக்கு மெதுவாகப் பழக்கிக்கொண்டிருக்கிறேன், வாய்ப் புண்ணும் ஆறிவிட்டது.

எல்லோராலும் அவ்வளவு தூரம் போக முடியாது. அதனால் நம் பக்கம் கோயில் நோம்பிக்கும் பொங்கலுக்கும் பந்தயம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ராஜஸ்தானிலும் கட்ச்சிலும் நடக்கிற மாதிரி ரேவால் நடைக்கென்று தனியாக ஒரு பிரிவு வையுங்கள், ஏறியவர் கையில் நிறைதண்ணீரோடு ஒரு சொம்பு, ஒரு கிலோமீட்டர், நடை கலையாமல் தண்ணீர் அதிகம் மிச்சம் வைத்து வருகிறவருக்குப் பரிசு. காலை எவ்வளவு உயரம் தூக்குகிறது என்பதற்கு மட்டும் மார்க் போடாதீர்கள். அமெரிக்காவில் டென்னசி வாக்கிங் என்ற இனத்துக் குதிரைகளுக்கு அப்படிப் போட்டுத்தான், கணுக்காலில் எரிகிற மருந்தைத் தடவிக் காலைத் தூக்க வைத்தார்கள், அதைத் தடுக்க 1970இல் சட்டமே போட வேண்டி வந்தது.

இந்த ஆடிக்கு அவளை அந்தியூருக்குக் கூட்டிவருகிறேன், விற்க அல்ல. நடத்த யாராவது முன்வந்தால் சொம்பு நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு குதிரைக்காரர், காங்கேயம்