கடைசி அத்தியாயத்தை அவளிடமே விட்டுவிடுங்கள்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

சரித்திரத் துப்பறியும் நாவல்கள் உங்கள் மேசையில் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் என் நாவல் திரும்பி வந்தது. திருப்பி அனுப்பியது எந்தப் பதிப்பகம் என்று சொல்லப்போவதில்லை. உங்களில் பலரும் அதே பதிலைத்தான் தந்திருப்பீர்கள் என்பதால் பெயர் தேவையும் இல்லை. "கதை நன்றாக இருக்கிறது. ஆனால் 1926இல் ஒரு இளம்பெண் கொலைக்குத் துப்புத் துலக்கினாள் என்பது நம்பும்படி இல்லை. கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் விளக்குவதாக மாற்றிக் கொடுங்கள், போட்டுவிடலாம்" என்று எழுதியிருந்தார்கள்.

அவர்கள் மாற்றச் சொன்ன இடத்தை உங்கள் முன் வைக்கிறேன், நீங்களே பாருங்கள்.

மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீடு. காரியஸ்தர் இறந்து கிடக்கிறார். மாரடைப்பு என்கிறார்கள். வக்கீலின் தங்கை மகள், குயின் மேரீஸ் கல்லூரியில் படிப்பவள், தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குள் போகிறாள். அன்று ஏகாதசி. பாட்டி பச்சைத் தண்ணீர்கூடத் தொடாத நாள். மற்றவர்களுக்கும் பாலும் பழமும்தான், அரைக்கிற சமையலே இல்லை. ஆனால் அம்மி ஈரமாக இருக்கிறது. தினமும் கழுவிச் சுவரோரம் நிறுத்தி வைக்கப்படும் குழவி, அம்மி மேலேயே கிடக்கிறது. அந்த வீட்டுப் பெண்கள் யாரும் அப்படிப் போட்டுவிட்டுப் போகமாட்டார்கள். யாரோ பழக்கமில்லாத கை எதையோ அரைத்திருக்கிறது. கொல்லையில் மஞ்சள் அரளி காய்த்து நிற்கிறது.

இந்த ஈரத்தை இன்ஸ்பெக்டர் பார்ப்பதாக மாற்ற வேண்டுமாம். 1926இல், மயிலாப்பூரில், மடி பார்க்கும் ஒரு வீட்டில், போலீஸ்காரர் பூட்ஸ் காலோடு சமையலறைக்குள் போய் அம்மியைத் தடவிப் பார்ப்பாரா? அப்படியே போனாலும், ஏகாதசியன்று அம்மி ஏன் காய்ந்திருக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? நம்பகத்தன்மை வேண்டும் என்று சொல்லி நீங்கள் கேட்கும் மாற்றம்தான் கதையின் நம்பகத்தன்மையைக் குலைக்கிறது. இதை எழுதும்போது என் கோபத்தை அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அந்தக் காலத்தை நான் மனம்போன போக்கில் கற்பனை செய்யவில்லை. அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது என்பதற்காக ஆண் டாக்டரிடம் போகாமலே செத்துப்போன பெண்கள் இருந்த ஊர் இது. அவர்களுக்காகத்தான் 1885இல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி தொடங்கப்பட்டது. வழக்கப்படி வெளியார் முன் வராத பெண்களை நீதிமன்றத்துக்கு நேரில் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொன்னது. 1904இலேயே வங்காளத்தில் அந்தப்புரப் பெண்களின் சொத்து விவகாரங்களைக் கேட்டறிய சட்டம் படித்த கார்னிலியா சொராப்ஜி என்ற பெண்மணியை அரசாங்கமே நியமித்தது. ஆண் அதிகாரிகள் நுழைய முடியாத இடத்துக்குள் போய் அந்தப் பெண்களின் வாயால் உண்மையைக் கேட்டு வர ஒரு பெண்தான் வேண்டியிருந்தாள். பெண்கள் வக்கீலாகத் தொழில் செய்யலாம் என்ற சட்டமே 1923இல்தான் வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அத்தகைய வீடுகளில் நடக்கும் கொலைக்குச் சாட்சிகள் யார்? சமையல்கார அம்மாள், கொல்லைப்புறம் வழியாக வந்துபோகும் மருத்துவச்சி, மொட்டையடித்து மூலையில் உட்கார்த்தி வைக்கப்பட்ட விதவை. இவர்கள் இன்ஸ்பெக்டரிடம் பேசமாட்டார்கள். வீட்டுப் பெண்ணிடம் பேசுவார்கள், அதுவும் கிணற்றடியில், கூடத்தில் ஆண்கள் இல்லாத நேரத்தில். என் நாயகி அந்த வீட்டில் துப்புத் துலக்கக் கூடியவள் என்பது இதனால்தான்.

படித்த, துணிச்சலான பெண் அன்று ஏது என்றும் கேட்கிறீர்கள். சிறுவயதிலேயே விதவையான சுப்புலட்சுமி அம்மையார் 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். முத்துலட்சுமி அம்மையார் 1912இல் டாக்டராகி வெளியே வந்தார். குழந்தை மணம் செய்துவைக்கப்பட்டு, பள்ளிக்கூடமே போகாத வை.மு.கோதைநாயகி 1925இல் ஜகன்மோகினி இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். என் கதை நடக்கும் காலத்தில் இவர்கள் எல்லோரும் சென்னையில் நடமாடியவர்கள். தமிழ்நாட்டுக் காவல் துறைக்குள் பெண்கள் வந்தது 1973இல். ஆக, அதற்கு முந்தைய காலத்தில் கொலையைப் பற்றி யோசிக்கிற பெண் காக்கிச் சட்டை இல்லாமல்தான் யோசித்தாக வேண்டும். அது கதையின் பலவீனமல்ல, கதையே அதுதான்.

எனவே கேட்கிறேன்: துப்புத் துலக்கியவளே அதை விளக்கட்டும். கடைசி அத்தியாயத்தை அவளிடமிருந்து பிடுங்காதீர்கள்.

இந்த வகையில் மோசமான கதைகளும் வருகின்றன, மறுக்கவில்லை. 1920களில் நள்ளிரவில் தனியாக ஜட்காவில் ஏறிச் சுற்றும் நாயகி, கேள்வி கேட்க ஆளே இல்லாத வீடு, ஒன்பது கஜப் புடவையில் இன்றைய பேச்சு. அவற்றைத் திருப்பி அனுப்புங்கள், நானும் அதைத்தான் செய்வேன். எங்கே போக முடியாது, யாரிடம் பேசக் கூடாது, யார் வீட்டில் எதைத் தொடக் கூடாது என்ற கட்டுகளுக்குள் அவள் எப்படி வழி கண்டுபிடிக்கிறாள் என்பதில்தான் சரித்திரக் கதையின் சுவையே இருக்கிறது. அதைக் காட்டாத கதை தோற்ற கதை. ஆனால் அந்தச் சோதனையை ஒரு நாளும் ஆண் துப்பறிவாளர்களுக்கு நீங்கள் வைப்பதில்லையே! ஒரே இரவில் நான்கு ஊர் போய் வரும் இன்ஸ்பெக்டரை நம்புகிறீர்கள். வெளிநாட்டுப் பெண் துப்பறிவாளரின் மொழிபெயர்ப்பை மகிழ்ச்சியோடு அச்சிடுகிறீர்கள். மயிலாப்பூர்ப் பெண் என்றால் மட்டும் சந்தேகம் வந்துவிடுகிறது. உங்கள் மர்ம நாவல் அட்டைகளில் பெண் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் பிணமாகக் கிடப்பாள், அல்லது பயந்து அலறுவாள். நிமிர்ந்து நின்று யோசிக்கிற முகத்தோடு ஒருத்தியை அங்கே பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று தயவுசெய்து உங்கள் அலமாரியை ஒருமுறை பாருங்கள்.

மன்னிக்கவும், மனத்தில் கிடந்த வேறு குறைகளும் சேர்ந்து வந்துவிட்டன. காகித விலையும் நூலக ஆணையும் உங்களைப் படுத்தும் பாட்டை அறிவேன். அதற்கு நடுவிலும் எங்களைப் படிக்கிறீர்கள், அந்த நன்றி எனக்குண்டு.

பணிவோடு கேட்பது இவ்வளவே. சரித்திர மர்ம நாவல் உங்களிடம் வந்தால், அந்தக் காலத்தை அறிந்த ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள். திருப்பி அனுப்புவதானால் எந்தப் பக்கத்தில் எந்தச் செய்தி பிழை என்று குறித்து அனுப்புங்கள், திருத்தித் தருகிறோம். நாயகி பெண் என்பதைப் பிழைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். கடைசி அத்தியாயம் அவளுடையதாகவே இருக்கட்டும்.

என் கைப்பிரதியை ஒரு வரிகூட மாற்றாமல் இந்த வாரம் மறுபடியும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகியும் எழுத்தாளருமான ஒருத்தி