கொண்டாட்டம் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அறுபதுகளின் இளைஞர் கலகப் படங்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, டென்னிஸ் ஹாப்பரின் ‘ஈஸி ரைடர்’ (1969) படத்தைச் சுதந்திரக் கொண்டாட்டமாக மட்டுமே காட்டுவது பொருத்தமாகப் படவில்லை. போதைப்பொருள் விற்ற பணத்தை மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கிக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு பயணம் கிளம்பும் இருவரில் ஒருவன், கடைசி இரவில் தீ மூட்டி அமர்ந்திருக்கையில், பணக்காரர்களாகிவிட்டோம் என்று பூரிக்கிறான். முதுகில் அமெரிக்கக் கொடி பதித்த தோல் சட்டையணிந்த மற்றவனோ, எல்லாவற்றையும் கோட்டை விட்டுவிட்டோம் என்கிறான். தன் தலைமுறையின் கனவையே சந்தேகித்த அந்தக் காட்சியை விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிள்களையும் பாடல்களையும் மட்டும் புகழ்வது (பாடல்கள் அருமை என்பதில் எனக்கும் மறுப்பில்லை) படத்தைப் பாதியில் நிறுத்துவதாகும். பள்ளி அடக்குமுறைக்கு எதிராக மாணவர்கள் துப்பாக்கி ஏந்தும் லிண்ட்சே ஆண்டர்சனின் ‘இஃப்’ படம், 1969-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் உயரிய பரிசைப் பெற்றிருந்தும், கட்டுரையில் இடம்பெறாதது வியப்பளிக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை