களிமண்ணில் ஒரு ரேஷன் பில்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி இப்போது தேவலாம்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் நீ எடுத்து அனுப்பிய களிமண் பலகையைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டம் கட்டமாகக் கோடு. உள்ளே குழிக்குழியாக எண்கள், அடி கூம்பிய பீர் ஜாடி, கிண்ணத்தில் வாய் வைத்த ஒரு தலை. தலையும் கிண்ணமும் சேர்ந்தால் 'பங்கீடு' என்று அர்த்தமாம். "என்னன்னு தெரியுதாம்மா?" என்று கேட்டிருந்தாய். 26 வருஷம் ரேஷன் கடையில் பில் போட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது?

உன் தங்கை தேடித் தேடிப் படித்துக் காட்டினாள். இந்த மாதிரிக் கணக்குப் பலகைகள் எழுதிய ஊர்களில் ஒன்று தெற்கு ஈராக்கில் இருந்த உருக். கி.மு. 3300 வாக்கிலேயே பெரிய நகரம். வயலில் விளைந்த பார்லி களஞ்சியத்துக்கு வந்து, வேலை செய்தவர்களுக்கு அளந்து போயிருக்கிறது. அத்தனை பேர் கணக்கை எந்தத் தலை தாங்கும்? அதற்கும் முன்னால் ஆட்டுக்கு ஒன்று, தானியத்துக்கு ஒன்று என்று சின்னச் சின்ன மண் வில்லைகள் வைத்திருந்தார்கள். அவற்றை மண் உருண்டைக்குள் போட்டு மூடி, மேலே முத்திரை உருட்டுவார்கள். சாயங்காலம் கடைப் பூட்டின்மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போடுவேனே, அதே சமாச்சாரம்தான். ஆனால் உள்ளே எத்தனை என்று பார்க்க உருண்டையை உடைக்க வேண்டும். அதனால் மூடுமுன் வில்லையை வெளிப்பக்கமும் அழுத்தி அடையாளம் வைத்தார்கள். வெளியிலேயே தெரிகிறபோது உள்ளே வில்லை எதற்கு? தட்டை மண்ணில் அழுத்தினால் போதாதா? எழுத்து இப்படித்தான் பிறந்தது என்கிறார் டெனிஸ் ஷ்மாண்ட்-பெஸராட் என்ற ஆராய்ச்சிக்கார அம்மாள். எல்லோரும் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லையாம். எனக்கு நம்பத் தோன்றுகிறது.

இன்னொரு பலகையில் 29,086 அளவு பார்லி, 37 மாதம், 'குஷிம்' என்று இருக்கிறதாம். அது ஆள் பேரா, பதவிப் பேரா என்று இன்னும் வாதாடுகிறார்கள். 37 மாதக் கணக்கை ஒரே பலகையில் முடித்திருக்கிறான் பார்! எனக்கு மாசக் கடைசியில் ஒரு மூட்டை இடித்தாலே தூக்கம் போய்விடும்.

கவிதை எழுத வேண்டியவன் எக்ஸெல்லில் கணக்குத் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று போன வாரம் அலுத்துக்கொண்டாய். அங்கேயும் பாட்டும் கதையும் எழுத்தில் ஏற இன்னும் 600, 700 வருஷம் பிடித்திருக்கிறது. உனக்கு வயசு 29தான்.

அடுத்த தடவை போனால் ஏஆ-நாசிர் என்ற வியாபாரிக்கு வந்த புகார்க் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பு. அதே மியூசியத்தில்தான் இருக்கிறதாம். கி.மு. 1750 வாக்கில், மட்டமான செம்பைக் கொடுத்தாய், நான் அனுப்பிய ஆளையும் மதிக்கவில்லை என்று நன்னி என்பவன் திட்டி எழுதியது. எல்லோரும் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறார்களாம். எனக்கென்னவோ அந்த வியாபாரி மேல்தான் பாவமாக இருக்கிறது. மேலிருந்து வந்த அரிசியை அப்படியே அளந்து போட்டதற்கு நானும் எத்தனை வசவு வாங்கியிருக்கிறேன்!

அன்புடன்,
அம்மா