முதலில் கேளுங்கள், பிறகு ஒலி எழுப்புங்கள்: கிழக்குக் கடற்படைக் கட்டளையகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைத் தளபதி அவர்களுக்கு,

வணக்கம்.

நான் தரங்கம்பாடிப் பக்கத்து மீனவக் கிராமம் ஒன்றில் பிறந்தவன். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கடலுக்குள் ஒலி எழுப்புவது பற்றி உங்களுக்கு எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். என் தாத்தாவின் துடுப்பைத் தவிர வேறு தகுதி எதுவும் இல்லை. கட்டுமரத்தில் பாடு போகும்போது அவர் துடுப்பைச் செங்குத்தாக நீரில் இறக்கி, அதன் மேல்முனையைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கத்தாழை மீன் மாப்பு (மீன் கூட்டம்) எழுப்பும் உறுமலைக் கேட்பார். அந்த நேரத்தில் யாராவது மரத்தில் காலைத் தட்டிவிட்டால் வசவு விழும். கடலில் கண்ணைவிடக் காதே தூரம் போகும் என்பதை நான் பாடநூலில் படிப்பதற்கு முன்பே அந்த வசவுகளில் கற்றுக்கொண்டேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளுக்குப் பிறகு இந்தக் கரைக்குக் கடற்படையினர் வந்து செய்த உதவியை நாகை, காரைக்கால், தரங்கம்பாடிப் பகுதி மக்கள் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. நீர்மூழ்கிகளைக் கண்டறிய, நீருக்குள் ஒலி எழுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவியான சோனார் வேண்டும், பயிற்சி இல்லாத மாலுமியின் கையில் அது வெறும் கருவிதான் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆகவே, சோனாரை நிறுத்துங்கள் என்று நான் எழுதவில்லை. திமிங்கிலங்களை மிரட்டாமல் இருக்க, எங்கே, எப்போது, எதைக் கேட்ட பிறகு அதை ஒலிக்கச் செய்வது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் செல்கிறது. காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் மேல். நீலத் திமிங்கிலங்களுக்குப் பெயர் பெற்ற திருகோணமலைக் கடல் நாகையிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீட்டர். அந்தத் தொலைவை ஒலி மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் கடந்துவிடும். நீலத் திமிங்கிலத்தின் தாழ்ந்த குரல் ஆழ்கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லக்கூடியது என்பதால், நம் கரைக்கு எதிரே இருக்கும் ஆழ்கடல் அந்த உயிரினங்களுக்கு ஒரே ஊர்போலத்தான் இருக்க வேண்டும். இரை தேடுவதும், துணையை அழைப்பதும், குட்டியை உடன் வைத்துக்கொள்வதும் அவற்றுக்குச் செவிவழியே நடக்கின்றன.

இங்கே ஒரு திருத்தம் சொல்லிக்கொள்கிறேன். பழைய ஆசிரியனின் கை சும்மா இருக்காது. போர்க்கப்பலின் நடு அதிர்வெண் சோனார், மூலத்திலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் 235 டெசிபெல் அளவுக்கு ஒலிக்கக்கூடியது என்பதை எடுத்துக்கொண்டு, ஜெட் விமான இரைச்சலோடு நேரடியாக ஒப்பிட்டுச் சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. காற்றில் 20 மைக்ரோபாஸ்கல் அழுத்தத்தையும் நீரில் 1 மைக்ரோபாஸ்கல் அழுத்தத்தையும் அடிப்படையாகக் கொண்டு அளக்கிறோம். அந்த வேறுபாட்டையும் இரு ஊடகங்களின் தன்மை வேறுபாட்டையும் சேர்த்து ஏறத்தாழ 62 டெசிபெல்லைக் கழித்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். கழித்த பிறகும் 170க்கு மேல் மிஞ்சுகிறது என்பது வேறு செய்தி.

ஆனால் உண்மையான சிக்கல் ஒலியின் வலிமையில் மட்டும் இல்லை. கூவியர் அலகுத் திமிங்கிலம் என்று ஒன்று உண்டு. துருவப் பகுதிகள் நீங்கலாக உலகின் எல்லாப் பெருங்கடல்களிலும் வாழ்வது. ஒரே மூச்சில் 2,992 மீட்டர் ஆழம் வரை சென்றதாக 2014இல் பதிவானது இந்த இனம்தான். கலிபோர்னியாவின் தென்கரையில் இவற்றின் மீது கருவி பொருத்தி, கடற்படைச் சோனாரைப் போன்ற ஒலியைக் கேட்கச் செய்த ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. கிலோமீட்டர்கள் தள்ளியிருந்து வந்த, வலிமை குறைந்த ஒலிக்கே அவை இரை தேடுவதை நிறுத்தின. எதிரொலிக்காக எழுப்பும் சொடுக்கொலியை அடக்கிக்கொண்டு, ஒலி வந்த திசையை விட்டு விலகி நெடுந்தூரம் நீந்தின. பகாமாஸ் தீவுகளில் அமெரிக்கக் கடற்படையின் சொந்தச் சோதனைத் தளத்தில், கடலடியில் பதித்த ஒலிவாங்கிகள் வழியே கவனித்தபோது, பயிற்சி நடந்த நாட்களில் வேறோர் இன அலகுத் திமிங்கிலங்கள் அவ்விடத்தைக் காலி செய்துவிட்டு, முடிந்து இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகே திரும்பின. ஓர்க்கா எனும் கொலையாளித் திமிங்கிலத்தின் குரலுக்கும் அவை இப்படித்தான் நடந்துகொள்கின்றன. சோனாரை அவை வேட்டையாடியின் குரலாக எடுத்துக்கொள்கின்றன என்று ஆய்வாளர் பலர் கருதுவதற்கு அதுவே காரணம். நீலத் திமிங்கிலத்தின் செய்தி இன்னும் நுட்பமானது: மேற்பரப்பில் மேய்ந்துகொண்டிருந்தவை பெரிதாகப் பொருட்படுத்தவில்லை, ஆழத்தில் மேய்ந்துகொண்டிருந்தவை இரையை விட்டுவிட்டு அகன்றன.

அஞ்சி விலகுவது எப்படிச் சாவில் முடிகிறது? 2002 செப்டம்பரில் கேனரித் தீவுகளுக்கு அருகே பன்னாட்டுக் கடற்படைப் பயிற்சி தொடங்கிச் சுமார் நான்கு மணி நேரத்தில் அலகுத் திமிங்கிலங்கள் கரையொதுங்கத் தொடங்கின, மொத்தம் 14. அறுத்துப் பார்த்தபோது அவற்றின் உறுப்புகளிலும் இரத்த நாளங்களிலும் வாயுக் குமிழ்கள் இருந்தன. கம்ப்ரசர் கட்டிச் சங்கு எடுக்கப் போய், அவசரப்பட்டு மேலே வந்து, உடலுக்குள் இதே குமிழ் கட்டி மூட்டு முடங்கியவர்களை நம் தென்கடற்கரை அறியும். மிரண்ட திமிங்கிலம் தன் வழக்கமான மூழ்கும் முறையைக் குலைத்துக்கொள்ளும்போது அதற்கும் அதுபோன்ற ஒன்று நேர்கிறது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். அதற்கு முன் 1996இல் கிரேக்கத்திலும், 2000 மார்ச்சில் பகாமாஸிலும் இதே கதை. பகாமாஸில் 36 மணி நேரத்தில் 17 உயிரினங்கள் ஒதுங்கின; தங்கள் சோனாரே பெரும்பாலும் காரணம் என்று அமெரிக்கக் கடற்படையும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை 2001இல் ஒப்புக்கொண்டது. கேனரித் தீவுகளைச் சுற்றி ஸ்பெயின் 2004இல் சோனாருக்குத் தடை விதித்தது. அதன் பிறகு அங்கே அப்படிக் கூட்டமாக ஒதுங்கவில்லை என்று 2013இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒரு தடையின் பலன் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவது அரிது.

நம் கரையைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர்க் கரையில் 80க்கும் மேற்பட்ட குறுந்துடுப்புத் திமிங்கிலங்கள் ஒதுங்கி, 40க்கும் மேல் இறந்தன. அதைச் சோனார் தலையில் கட்ட நான் வரவில்லை. அதே கரையில் 1973 ஜனவரியிலும் 147 ஒதுங்கியிருக்கின்றன. ஒன்றின் பின் ஒன்றாகத் தலைவனைத் தொடரும் இயல்புடைய அந்த இனம் சோனார் இல்லாமலேயே கூட்டமாகக் கரையேறுவது உலகெங்கும் நடப்பதுதான்.

என் கவலை வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், எங்கள் ஊருக்குத் தெற்கே ஒரு திமிங்கிலம் செத்து ஒதுங்கியது. முப்பது அடி இருக்கும். தோல் உரிந்து, வயிறு ஊதி, வாய் மணலில் புதைந்து கிடந்தது. சுற்றிலும் கைப்பேசிகள், அம்பர் (திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் விலையுயர்ந்த பொருள்) கிடைக்குமா என்று காதோடு காதாகக் கேட்டவர்களும் உண்டு. மாதிரிக்காகச் சிறிது சதையை எடுத்துக்கொண்டார்கள். காதெலும்பையும் எடுத்துப் பார்ப்பீர்களா என்று அங்கிருந்த அலுவலரிடம் கேட்டேன். "நாத்தம் தாங்கல சார், இதுல காத எங்க தேடுறது?" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் குப்பியும் கத்தியும்தான் இருந்தன. பொழுது சாய்வதற்குள் ஜேசிபி பள்ளம் தோண்டிப் புதைத்துவிட்டது. அது கப்பல் மோதிச் செத்ததா, வலையில் சிக்கியதா, நோயா, ஒலியா என்ற கேள்வியும் அதோடு மண்ணுக்குள் போயிற்று.

ஆகையால் என் முதல் வேண்டுகோள், வங்கக் கடலின் மேற்குக் கரையில் திமிங்கிலம் ஒதுங்கினால், அதற்கு முந்தைய சில நாட்களில் அப்பகுதியில் ஒலி எழுப்பும் சோனார் இயங்கியதா என்பதை உங்கள் பதிவேட்டில் பார்த்து, இரகசியக் காப்புக்கு உட்பட்ட அரசு விஞ்ஞானிகளிடமாவது தெரிவிக்க வேண்டும் என்பதே. எந்தக் கப்பல், எந்த அதிர்வெண் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆம், இல்லை என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல் கிடைத்தால்தான், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றிருக்கும் ஓர் உயிரினத்தின் காதை அறுத்துப் பார்க்க யாருக்கும் காரணம் கிடைக்கும்.

இரண்டாவது, பயிற்சிக்கு இடம் குறிக்கும்போது, கண்டத்திட்டு சரிந்து ஆழ்கடலாகும் விளிம்பையும் கடலடிப் பள்ளத்தாக்குகளையும் கூடியவரை தவிர்ப்பது. அலகுத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் இரை தேடுவது அத்தகைய சரிவுகளில்தான். ஒலி எழுப்பும் முன் சிறிது நேரம் கேட்டுப் பாருங்கள். ஒலி எழுப்பாமல் கேட்க மட்டும் செய்யும் சோனார் உங்களிடம் இருக்கிறது. அரக்கோணத்திலிருந்து பறக்கும் பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள் கடலில் போடும், நீருக்கடி ஒலியைக் கேட்கும் ஒலிமிதவைகளும் இருக்கின்றன. இந்தக் கடலில் உங்களைவிடக் கூர்மையான காது வேறு யாருக்கும் இல்லை. அமெரிக்காவில் 2008இல் உச்ச நீதிமன்றம் பயிற்சியின் தேவையை முன்னிறுத்திக் கடற்படையின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயினும் 2015இல் ஹவாய், தென் கலிபோர்னியக் கடலின் சில பகுதிகளில் சோனாரைக் கட்டுப்படுத்த அதே கடற்படை உடன்பட்டது. அதனால் அதன் பயிற்சி நின்றுவிடவில்லை.

பாதுகாப்புக்காக இடத்தையும் காலத்தையும் விட்டுக்கொடுப்பது எங்களுக்குப் புதிதல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன் இனப்பெருக்கத்துக்காக எங்கள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. அந்த இரண்டு மாதம் பல வீடுகளில் நகை அடகுக்குப் போகிறது. துப்பாக்கிச் சுடும் பயிற்சி என்று அறிவித்தால் அந்தப் பக்கம் போகாமல் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்புகிறோம். நாங்கள் கேட்பது அந்த அளவு பெரிய விட்டுக்கொடுப்பு அல்ல.

எங்கள் பங்குக்கு ஒன்று செய்ய முடியும். பழையாறு முதல் கோடியக்கரை வரை, திமிங்கிலமோ ஓங்கலோ (டால்பின்) உயிரோடு ஒதுங்கினாலும் செத்து மிதந்தாலும், முதலில் பார்ப்பவர் ஒரு மீனவராகவே இருப்பார். ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் பேசியிருக்கிறேன். பார்த்த ஒரு மணி நேரத்துக்குள் இடம், நேரம், புகைப்படத்துடன் தெரிவிக்க இளைஞர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். உங்கள் தரப்பில் அதைப் பெற்றுக்கொண்டு பதிவேட்டைத் திறந்து பார்க்கும் அலுவலர் யார், அவரை எந்த எண்ணில் அழைப்பது என்பதை மட்டும் எங்களுக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
தரங்கம்பாடி வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்