படுக்கையில் சேர்த்தால்தான் காப்பீடா?

ஆசிரியருக்கு,

என் மகள் நான்காம் வகுப்பு. கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருந்தாள் என்பதே எங்களுக்குப் போன மாதம்தான் தெரிந்தது. கண் பரிசோதனை, கண்ணாடி எல்லாம் கைக்காசு. வருடா வருடம் பிரீமியம் கட்டும் குடும்ப பாலிசியில் கேட்டால், மருத்துவமனையில் படுக்கை போட்டுச் சேர்த்தால்தான் பணம் என்றார்கள். பார்வை மங்குகிறது என்று யாராவது குழந்தையை அட்மிட் செய்வார்களா?

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 2013இல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வருடத்துக்கு ஒரு முறையும், அங்கன்வாடிக்கு இரண்டு முறையும் வந்து கண், காது, பல், இதயம், ரத்தசோகை, வளர்ச்சிக் குறைபாடு எல்லாம் பார்க்க வேண்டும் என்பது விதி, குறை இருந்தால் மேல்சிகிச்சையும் இலவசம். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். தனியார் பள்ளிப் பிள்ளைகள் அதில் வருவதில்லை. தனியார் பள்ளி என்றாலே வசதியான வீடு என்று யார் சொன்னது?

வருமான வரியில் முன்தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டுதான், ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். வரியே கட்டாத ஆட்டோ ஓட்டுநருக்கு அதனால் என்ன?

குடும்ப பாலிசி என்று விற்றால், குழந்தைக்கு வருடம் ஒரு கண், காது, பல், ரத்தப் பரிசோதனையை அதிலேயே கட்டாயமாகச் சேர்க்கச் சொல்லி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போடட்டும்.

ஒரு வாசகி,
மதுரை