கப்பன் பூங்காவிலிருந்து திரும்பி வந்து எழுதுகிறேன்

அல்சூர், பெங்களூரு
9 மார்ச் 2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் நலம். வெயில்தான் இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சென்னை ஓபன் போனதோடு நம் நாட்டில் டென்னிஸ் பார்ப்பதே போய்விட்டது, அதற்கு அடுத்த படியில் நடக்கிற சேலஞ்சர் போட்டிகளில் பார்க்க என்ன இருக்கிறது என்று எழுதியிருந்தாய். உன் ஆதங்கம் எனக்கும் உண்டு. 2008 அரையிறுதியில் நடாலும் மோயாவும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆடினார்களே, மூன்று செட்டும் 6-6 என்று சமமாகி டைபிரேக்கில்தான் முடிந்தன! நுங்கம்பாக்கத்தில் இருவரும் தொண்டை கட்டும்வரை கத்தினோம். அந்தக் களைப்போடு மறுநாள் இறுதியில் இறங்கிய நடால் ரஷ்யாவின் யூஸ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றபோது உனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் போட்டி 2017-ஓடு சென்னையை விட்டுப் போனது. புனேவுக்குப் போய், 2023-க்குப் பிறகு அங்கேயும் இல்லை. வருத்தம்தான், மறுக்கவில்லை.

ஆனால் சேலஞ்சரை நீ ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. போன ஞாயிறு இங்கே கப்பன் பூங்காவில் பெங்களூரு ஓபன் சேலஞ்சரின் இறுதி ஆட்டம் பார்த்தேன். அமெரிக்காவின் பிராண்டன் ஹோல்ட், ஜப்பானின் ஷின்டாரோ மோச்சிசுகியை 6-3, 6-3 என்று வென்றார். ஹோல்ட் யார் தெரியுமா? இரண்டு முறை அமெரிக்க ஓபன் வென்ற டிரேசி ஆஸ்டினின் மகன். அதற்கு முந்தின வாரம்தான் புனே இறுதியில் தோற்றிருந்தார். தோற்ற கையோடு இங்கே வந்து கோப்பையைத் தூக்கிவிட்டார். மோச்சிசுகி 2019-இல் விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன். வலைக்கு ஏறி வந்து பந்தைத் தொட்டு வைப்பதில் அவருக்குத் தனி நயம் உண்டு. இவர்களை இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேறு எங்கே முடியும்? ஷூ தரையில் தேய்கிற சத்தம், அடிக்கும்போது விடுகிற மூச்சு எல்லாம் காதில் விழுகிறது.

இறுதி ஆட்டத்தைவிட எனக்கு மனதில் நிற்பது தகுதிச் சுற்று நாள். ஆட்டத்தில் தோற்ற நம்ம பையன் ஒருவன் மரத்தடியில் உட்கார்ந்து மட்டையின் கிரிப்பை மாற்றிக்கொண்டிருந்தான். வியர்வையில் கறுத்துப்போன பழைய நாடாவை உரித்துப் போட்டான். புது நாடாவை அடியிலிருந்து இழுத்துச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் கட்டை விரலால் அழுத்தி, மேலே டேப் ஒட்டினான். நரம்பை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தான். கூட ஆள் யாரும் இல்லை. பிறகு போனை எடுத்து அடுத்த ஊருக்கு டிக்கெட் பார்க்க ஆரம்பித்தான். அவன் முகத்தில் சலிப்பு இல்லை, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இந்தப் போட்டியை வென்றால் தரவரிசைக்கு 125 புள்ளி. முதல் சுற்றில் தோற்றால் ஒன்றுமே கிடையாது. விம்பிள்டன், அமெரிக்க ஓபன் போன்ற நான்கு பெரிய கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் 128 இடம் இருந்தாலும் தரவரிசையை வைத்து நேரே நுழைகிறவர்கள் 104 பேர்தான். அந்த வரிசைக்குள் வர இந்த மாதிரி வாரங்களில்தான் புள்ளி சேர்க்க வேண்டும். அதை வெளிநாட்டில் சேர்க்கப் போனால் விமானம், ஓட்டல், விசா, பயிற்சியாளருக்கும் சேர்த்துச் செலவு. இந்த முறை பிப்ரவரி தொடங்கி சென்னை, டெல்லி, புனே, பெங்களூரு என்று வரிசையாக நான்கு வாரம். சென்னையிலும் டெல்லியிலும் பிரான்சின் கிரியன் ஜாக்கே கோப்பை வென்றார். 2023-இல் ஆஸ்திரேலியாவின் மேக்ஸ் பர்செல் சென்னை, பெங்களூரு, புனே மூன்றையும் அடுத்தடுத்து வென்று, உலகத் தரவரிசையில் இருநூறுக்குப் பக்கத்தில் இருந்தவர் முதல் நூறுக்குள் போய்விட்டார். ஏதோ ஒரு ஊரிலிருந்து வந்து அவர் ஏறிப்போன ஏணியில் நம் பையன்களும் ஏறலாம் இல்லையா?

ஏறியும் இருக்கிறார்கள். 2017-இல் இங்கே சுமித் நாகல் கோப்பை வென்றார். அடுத்த வருஷம் நம்ம சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன், சாகேத் மைனேனியை 6-2, 6-2 என்று வென்றார். இறுதியில் இரண்டு பக்கமும் இந்தியர்கள்! பிரஜ்னேஷுக்கு அப்போது வயது 29. முழங்கால் காயத்தில் பல வருஷம் போய், இனி முடியாது என்று பலர் முடிவுகட்டிய ஆள். அந்த வெற்றிக்குப் பிறகு 2019 பிப்ரவரியில் முதல் நூறுக்குள் வந்தார், ஏப்ரலில் 75-ஆம் இடம். அந்த ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் பிரதானச் சுற்றில் ஆடினார். நான்கிலும் முதல் சுற்றோடு வெளியேறினார் என்பதை மட்டும் சொல்கிறார்கள். எதிரே நின்றவர்களில் ரயோனிச், மெத்வதேவ் மாதிரி பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் உண்டு. அந்த இடத்தில் போய் நிற்பதற்கு அவர் பட்ட பாடு யாருக்குத் தெரியும்? போன நவம்பரில் ஓய்வு அறிவித்துவிட்டார். செய்தித்தாளில் அதற்குக் கொடுத்த இடத்தைப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை.

அப்புறம், நீ சேலஞ்சரை வேண்டாம் என்கிறாயே, உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்ததை மறந்துவிட்டாயா? 2024 பிப்ரவரியில் நாகல் சென்னை சேலஞ்சரை வென்றுதான் முதல் நூறுக்குள் நுழைந்தார். நாம் நடாலைப் பார்த்த அதே நுங்கம்பாக்கம் அரங்கம். நடாலுக்கு ஒன்றும் குறைந்துவிடாது, ஆனால் நாகலுக்கு அந்த ஒரு வாரம் எவ்வளவு பெரியது! லியாண்டர் பயஸ் 1998-இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் வென்ற பிறகு இந்தியர் யாரும் ஏடிபி, அதாவது சேலஞ்சருக்கு மேலே இருக்கிற ஆண்கள் உலகச் சுற்றில், ஒற்றையர் பட்டம் எடுக்கவில்லை. 2018-இல் ராம்குமார் ராமநாதன் அதே ஊரில் இறுதிவரை போய்த் தோற்றார். இனி ஒருவர் வருவார் என்றால் இந்தச் சேலஞ்சர் படி வழியாகத்தான் வர வேண்டும்.

பையன் பத்தாம் வகுப்புக்குப் போகிறான், டென்னிஸை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தாய். நான் என்ன சொல்வேன் என்று உனக்கே தெரியும். முடிவை இப்போதே எடுக்காதே. அடுத்த முறை இங்கே தகுதிச் சுற்று தொடங்கும்போது அவனை அனுப்பி வை. பெரிய ஆட்டத்துக்கு வேண்டாம், முதல் நாளுக்கே வரட்டும். பக்கத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது, நான் கூட்டிப்போகிறேன். அங்கே ஆடுகிறவர்களைப் பார்த்துவிட்டு அவனே சொல்லட்டும், நாம் இருவரும் கேட்டுக்கொள்வோம்.

நீயும் கூட வந்தால் நல்லது. லீவு கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் நண்பன்