முதல் பனிப்பொழிவுக்கு ஒற்றை எண் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலம் எட்டிப்பார்க்கும் நாட்களில் "அடுத்த வாரமே பனிப்பொழிவு", "20 செ.மீ. வரை கொட்டும்" என்ற தலைப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. இரண்டே நாளில் அதே செய்தி "மழைதான்" என்று மாறுகிறது. முதல் பனிக்காக வரைபடங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆர்வலர்கள் சோர்ந்துபோகிறார்கள். பொதுவாசகர்களுக்கோ முன்னறிவிப்பு என்றாலே நம்பிக்கை விட்டுப்போகிறது. இன்றைய கணிப்பு முறைகள் அவ்வளவு மோசமானவை அல்ல. அவை தரும் தகவலில் எதை எடுத்து அச்சிடுகிறோம் என்பதில்தான் கோளாறு. ஆகவே தங்கள் வானிலைப் பக்கத்தில் ஒற்றைப் பனி அளவை விட்டுவிட்டு, பனி பெய்யும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு, குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு, எந்த நேரத்துத் தரவைக் கொண்டு கணித்தது என்ற விவரங்களை வெளியிட வேண்டுகிறேன்.

அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாடல் (உலக வானிலையைக் கணினியில் கணிக்கும் முறை) நாளொன்றுக்கு 4 முறை ஓடுகிறது. ஒவ்வொரு ஓட்டமும் 384 மணி நேரம், அதாவது 16 நாள் வரை வரைபடம் தருகிறது. 10-ஆம் நாளுக்கும் வரைபடம் கிடைக்கிறது என்பதற்காக அதைச் செய்தியாக்கிவிடக் கூடாது. தொடக்க நிலையில் இருக்கும் சிறு பிழை நாளுக்கு நாள் பெருகும் என்பதை வானிலை அறிவியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் 1960-களிலேயே காட்டிவிட்டார். ஒரு வாரத்துக்கு அப்பால் புயல் மையத்தின் இடம் நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளிப்போவது சாதாரணம். மழைக்கும் பனிக்கும் இடைப்பட்ட எல்லையோ பல நேரங்களில் சில பத்துக் கி.மீ. அகலம்தான். இந்த இரண்டு அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே 10 நாளுக்கு முந்தைய "20 செ.மீ." எவ்வளவு பெறும் என்பது விளங்கும்.

இதற்காகத்தான் ஒரே மாடலைப் பல முறை ஓட்டிப் பார்க்கும் என்சம்பிள் முறை வந்தது. ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஓட்டும் 50 கணிப்புகளும், மாற்றம் செய்யாத ஒன்றும் சேர்ந்து 51. அவற்றில் 10 கணிப்புகள் பனி காட்டினால் வாய்ப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு. இங்கேயும் ஒரு பொறி உண்டு. அந்தப் பத்தும் 25 செ.மீ. காட்டி, மற்றவை எல்லாம் வெறும் மழை காட்டினால் சராசரி ஏறக்குறைய 5 செ.மீ. என்று வரும். ஆனால் 5 செ.மீ. பெய்யும் என்று அந்த 51-இல் ஒன்றுகூடச் சொல்லவில்லை! சராசரியை அச்சிட்டால் எந்தக் கணிப்பிலும் இல்லாத ஒன்றை அச்சிட்டதாக ஆகும். "ஐந்தில் ஒரு வாய்ப்பு, பெய்தால் கனமாகப் பெய்யும்" என்று எழுதினால் வாசகருக்கு உண்மை நிலவரம் தெரியும்.

நேரக்குறிப்பைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. மாடல் ஓட்டம் தொடங்கி முடிவு கைக்கு வரப் பல மணி நேரம் ஆகும். பிறகு பக்கம் அமைத்து, அச்சேறி, காலையில் வாசகர் கையில் கிடைப்பதற்குள் அடுத்த ஓட்டம் ஒன்றோ இரண்டோ வந்திருக்கும். எந்த நேரத்து ஓட்டம் என்று ஒரு வரி இருந்தால் புதிய தகவலோடு அவரே ஒப்பிட்டுக்கொள்வார்.

இனி, குளிர்காலத் தொடக்கத்துப் பனி ஏன் இவ்வளவு ஏமாற்றுகிறது என்பதற்கு வருகிறேன். கடலும் நிலமும் இன்னும் கோடையின் சூட்டை வைத்திருக்கும் காலம் அது. மேலே குளிர் வந்துவிட்டாலும் கீழே உள்ள சில நூறு மீட்டர் காற்று குளிர்ந்திருக்காது. ஆர்வலர்கள் பார்க்கும் முதல் வரைபடம், காற்றழுத்தம் 850 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் உயரத்து வெப்பநிலை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீ. உயரத்து நிலவரம். அங்கே சுழி (0) டிகிரிக்குக் கீழே போனதும் பனி உறுதி என்று கொண்டாடுவதை அடிக்கடி காண்கிறோம். குளிர்காலத்தின் நடுவில் அது ஓரளவு பொருந்தும். தொடக்கத்தில், அதிலும் கடலிலிருந்து காற்று வீசும்போது, மைனஸ் 5, மைனஸ் 6 இருந்தும் கீழே மழையாகவே விழும். அடுத்ததாக 1000–500 ஹெக்டோபாஸ்கல் அடுக்கின் தடிமன். 540 டெக்காமீட்டர் (5,400 மீ.) கோட்டைப் பனி எல்லை என்று சொல்வது வழக்கம். அந்தத் தடிமன் குறிப்பது, ஐந்தரை கி.மீ. வரையுள்ள காற்றின் சராசரி வெப்பநிலை மைனஸ் 7 டிகிரி அளவில் இருக்கிறது என்பதை மட்டுமே. அதற்குள் 2,000 மீ. உயரத்தில் ஒரு சூடான அடுக்கு ஒளிந்திருந்தால் சராசரியில் தெரியாது. அந்த அடுக்கில் 1 டிகிரிக்கு மேல் போனால் பனி பாதி உருகி, கீழே மீண்டும் உறைந்து கட்டித் துகள்களாக விழும். 3 டிகிரியைத் தாண்டினால் முழுதும் உருகி, தரை சுழிக்குக் கீழே இருக்குமானால், பட்ட இடத்திலேயே உறையும் உறைமழையாகிறது. பனி, கட்டித் துகள், உறைமழை ஆகிய மூன்றிலும் மிக ஆபத்தானது அதுதான்.

தரைக்கு அருகில் பார்க்க வேண்டியது ஈரக்குமிழ் வெப்பநிலை. வறண்ட காற்றுக்குள் பனி விழும்போது அதில் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது. அந்தக் குளிர்ச்சி எங்கே போய் நிற்குமோ அதுதான் ஈரக்குமிழ் அளவு. கணக்கு எளிது. வெப்பநிலைக்கும் டியூ பாயின்ட் எனப்படும் பனிப்புள்ளிக்கும் (காற்றிலுள்ள ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கை வெப்பநிலையிலிருந்து கழிக்க வேண்டும். வெப்பநிலை 3, பனிப்புள்ளி மைனஸ் 3 என்றால் வேறுபாடு 6, அதில் மூன்றில் ஒன்று 2. ஈரக்குமிழ் ஏறத்தாழ 1 டிகிரி (சரியாகக் கணித்தால் இன்னும் சற்றுக் குறையும்). ஆக, வெப்பமானி 3 காட்டும் அந்த நேரத்தில் பனி விழ நல்ல வாய்ப்பு உண்டு. அதே 3 டிகிரியில் பனிப்புள்ளி 2 ஆக இருந்தால் ஈரக்குமிழ் 2.7 அளவில் நிற்கும், பெரும்பாலும் மழைதான். முன்னறிவிப்பில் வெப்பநிலை மட்டும் தந்து பனிப்புள்ளியை விட்டுவிட்டால், வாசகருக்கு மிகவும் தேவைப்பட்ட எண்ணை விட்டுவிட்டோம் என்று பொருள்.

மழையின் வேகமும் முடிவை மாற்றும். பனி உருகும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, கிலோவுக்கு 334 கிலோஜூல். 1 மி.மீ. நீருக்கு ஈடான பனி உருகினால் 300 மீ. தடிமனுள்ள காற்றடுக்கு கிட்டத்தட்ட 1 டிகிரி குளிரும். மணிக்கு அரை மி.மீ. தூறினால் அந்தக் குளிர்ச்சியைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். மணிக்கு 3 மி.மீ. கொட்டி, காற்றும் மந்தமாக இருந்தால், இரண்டொரு மணி நேரத்திலேயே மழை பனியாக மாறிவிடக்கூடும். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒன்றில் மழையும் மற்றதில் வெண்பனியும் விழுவதற்கு உயர வேறுபாட்டோடு இந்த வேக வேறுபாடும் காரணம். மழை எவ்வளவு பலமாக இருக்கும் என்பதைக் கணிப்பது வெப்பநிலையைக் கணிப்பதைவிடக் கடினம் என்பதால், கடைசி நாள்வரை தயக்கம் இருப்பது இயல்பு.

பனி அளவு காட்டும் வண்ண வரைபடங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவற்றில் பல, 1 மி.மீ. நீர் 1 செ.மீ. பனியாகும் என்ற 10-க்கு 1 விகிதத்தைக் கண்மூடித்தனமாகப் பயன்படுத்துகின்றன. சில வரைபடங்கள் கட்டித் துகள்களையும் பனிக் கணக்கிலேயே சேர்த்துவிடுகின்றன. சுழியை ஒட்டிய ஈரப்பனிக்கு விகிதம் 5 அல்லது 7 ஆக இறங்கும். கடுங்குளிரில் 15, 20 வரை ஏறும். கூச்சேரா முறை என்பது கீழடுக்குகளின் உச்ச வெப்பநிலையை வைத்து விகிதத்தை மாற்றுகிறது. அந்த உச்சம் 0 டிகிரி என்றால் விகிதம் 8 என்று வரும். கொஞ்சம் மேம்பட்டது என்றாலும் தரையில் விழுந்தபின் உருகுவதை அதுவும் பார்ப்பதில்லை. மண் 8 டிகிரியில் இருந்தால் முதலில் விழும் பனி தரையைக் குளிர்விக்கவே செலவாகிவிடும். புல், வாகனக் கூரை, மரக்கிளை ஆகியவற்றில் முதலில் படியும், சாலையில் கடைசியில்தான். இரவில் பலமாகப் பெய்தால் படியும் வாய்ப்பு கூடுதல். இத்தனையையும் கழித்துப் பார்த்தால் வரைபடத்தின் 20 செ.மீ. நிலத்தில் 6 செ.மீ. ஆவதில் வியப்பில்லை.

எல்லா நேரமும் தொடக்கக் குளிர்காலம் பனிக்கு எதிரி அல்ல. பெரிய ஏரியின் மேல் வீசும் குளிர்காற்று ஈரத்தை ஏற்றிக் கரையில் கொட்டும் ஏரிவிளைவுப் பனிக்குச் சூடான நீர்தான் எரிபொருள். ஏரி நீரின் வெப்பநிலைக்கும் 850 ஹெக்டோபாஸ்கல் உயரத்து வெப்பநிலைக்கும் குறைந்தது 13 டிகிரி வேறுபாடு வேண்டும். காற்று நீர்ப்பரப்பின் மேல் நெடுந்தூரம் ஒரே திசையில் ஓட வேண்டும். உயரம் ஏற ஏறத் திசை 30 பாகைக்கு மேல் திரும்பக் கூடாது. 2014 நவம்பரில் அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையிலுள்ள பஃபலோ நகரின் தென்புறப் புறநகர்களில் 150 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது, சில கி.மீ. வடக்கே சில செ.மீ. மட்டுமே விழுந்தது. இப்படிப்பட்ட பட்டையின் இடத்தை ஒரு வாரம் முன்பே சொல்வதாக யாராவது எழுதினால் அதை அச்சிட வேண்டாம்.

48 மணி நேரத்துக்குள் வந்தபிறகும் தவறு நேரும். 2015 ஜனவரி 26, 27-இல் நியூயார்க் நகருக்கு 50 முதல் 75 செ.மீ. வரை என்று எச்சரித்தார்கள். சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். சென்ட்ரல் பார்க்கில் பதிவானது 25 செ.மீ. கனத்த பனிப்பட்டையின் மேற்கு விளிம்பு சற்றுக் கிழக்கே தள்ளிப்போனதுதான் காரணம். நகரத்துக்குக் கிழக்கே நீளும் லாங் ஐலண்ட் தீவின் கிழக்குப் பகுதியில் 60 செ.மீ.யைத் தாண்டியது. புயல் கணித்தபடியேதான் வந்தது. நகரம் விளிம்பில் இருந்தது. "விளிம்பில் இருக்கிறோம், 20 ஆகவும் ஆகலாம், 60 ஆகவும் ஆகலாம்" என்ற வரியை அன்று முன்னிறுத்தியிருந்தால் மறுநாள் இவ்வளவு கசப்பு இருந்திருக்காது.

பருவ அளவிலான குறிகளையும் ஆர்வலர்கள் பெரிதாக நம்புகிறார்கள்: லா நினா (பசிபிக் பெருங்கடலின் நடுக்கோட்டு நீர் வழக்கத்தைவிடக் குளிர்வது), அக்டோபரில் சைபீரியப் பனிப்பரப்பு, துருவச் சுழல் (துருவத்தின் மேலே உயரத்தில் சுற்றும் குளிர்காற்று). இவை ஒரு பருவத்தின் சாய்வைச் சொல்லலாம், தேதியைச் சொல்லாது. 2018 பிப்ரவரி நடுவில் துருவச் சுழல் பிளந்தபோது ஐரோப்பாவில் கடுங்குளிர் வந்து சேர ஏறத்தாழ இரண்டு வாரம் பிடித்தது. ஒவ்வொரு பிளவும் அப்படித் தரைவரை இறங்குவதும் இல்லை.

ஆகவே ஆர்வலர்கள் காத்திருக்கும் முறையையும் மாற்றலாம். 10 நாளிலிருந்து 7 நாள் வரை என்சம்பிளில் குளிர்க்காற்றின் போக்கு மட்டும் போதும். 5-ஆம் நாளிலிருந்து புயல் பாதைகள் எத்தனை கொத்தாகப் பிரிகின்றன என்று பார்க்கலாம். கடைசி இரண்டு நாளில் ஈரக்குமிழும் மழை வேகமும். கடைசி 12 மணி நேரத்தில் மாடலை மூடி வைத்துவிட்டு, காற்று வரும் திசையிலுள்ள நிலையங்களின் பனிப்புள்ளி இறங்குகிறதா என்று கவனிப்பது நல்லது. ரேடாரில் திடீரென அடர்ந்த பட்டை தெரிந்தால் கனத்த பனி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உருகத் தொடங்கிய பனித்துகள்களின் மேல் நீர்ப்படலம் படிவதால் அலை அதிகமாகத் திரும்பி வரும். உருகும் அடுக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

இலை உதிராத காலத்துப் பனிக்கு, செ.மீ. குறைவாக இருந்தாலும் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். 2011 அக்டோபர் 29-இல் அமெரிக்க வடகிழக்கில் பெய்த ஈரப்பனி இலைகளோடு நின்ற மரங்களை முறித்து மின்கம்பிகள் மேல் தள்ளியது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அளவைக் காட்டிலும் எடையைச் சொல்வது இங்கே பயன்படும்: 1 செ.மீ. ஆழத்துக்கு 1 மி.மீ. அல்ல, 2 மி.மீ. நீர் இருந்தாலே கிளைகளுக்கு அது பெரும் பாரம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பனி பெய்த மறுநாள், கணித்த வரம்பையும் பெய்த அளவையும் அருகருகே வெளியிடுங்கள். வாசகர்களிடமிருந்தும் அளவுகளைக் கேளுங்கள். அளக்கும் முறை ஒன்றாக இருந்தால்தான் அவை பயன்படும். 40 செ.மீ.க்கு 40 செ.மீ. ஒட்டுப்பலகை, வெள்ளை வண்ணம் பூசியது. சுவரும் மரமும் இல்லாத இடத்தில் சமதளமாக வைக்க வேண்டும். புல்லின் மேல் அளந்தால் இலைநுனிகள் பனியைத் தாங்கி அளவு கூடிவிடும். பல இடங்களில் அளவுகோலை நட்டுச் சராசரி எடுத்து, பலகையைத் துடைத்துப் பனியின் மேல்மட்டத்தில் மீண்டும் வைக்க வேண்டும். 6 மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் துடைக்கக் கூடாது. மணிக்கொருமுறை துடைத்துக் கூட்டினால், பனி தானாக அமுங்குவது கணக்கில் வராமல் மொத்தம் ஊதிப்போகும். மழைமானி உருளையைப் பலகைமேல் கவிழ்த்து அதற்குள் அடங்கும் பனியை எடுத்து, அளந்த வெந்நீர் ஊற்றி உருக்கி, ஊற்றிய அளவைக் கழித்தால் நீரளவு கிடைக்கும். வெப்பமானி தரையிலிருந்து 1.25 முதல் 2 மீ. உயரத்தில், காற்றோட்டமுள்ள மறைப்புக்குள் இருக்க வேண்டும். சுவரில் ஆணியடித்து மாட்டியது 1, 2 டிகிரி கூடக் காட்டும், இந்தப் பருவத்தில் மழையா பனியா என்பதே அந்த 1 டிகிரியில்தான் இருக்கிறது. அளந்த நேரம், புதுப்பனி ஆழம், தரையிலுள்ள மொத்த ஆழம், நீரளவு, வெப்பநிலை, இடையில் மழை கலந்ததா என்ற ஆறு விவரங்களுக்கும் இடம்விட்டு ஒரு சிறு படிவம் அச்சிட்டால் போதும். நிரப்பி அனுப்ப ஆர்வலர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வானிலை ஆர்வலர் ஒருவர்